பொம்மை ஓவன்: பல்பா, ஹீட்டரா?

மகளுக்குப் பொம்மை ஓவன், அதாவது நிஜமாகவே குட்டி கேக் சுடும் விளையாட்டு அடுப்பு, வேண்டும் என்றானபோது கையில் இருந்த வழி இரண்டு. உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த, பல்புச் சூட்டில் கேக் வேகும் பழைய பல்பு ஓவன், அல்லது கடையில் புதிதாக ஒரு ஹீட்டர் ஓவன். சும்மா கிடைக்கிறதே என்று முதலில் பழையதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இப்போது வீட்டில் ஓடுவது ஹீட்டர்தான்.

சுவையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் உள்ளங்கை அளவு தட்டு, கால் மணி நேரத்தில் ஒரு குட்டி கேக். முட்டை வேண்டாம், அந்தத் தட்டுக்கு ஒரு முழு முட்டையே அதிகம். பாதிக்கு மேல் மாவு ஊற்றினால் உப்பிக்கொண்டு வழியிலேயே மாட்டிக்கொள்ளும், எந்த ஓவனாக இருந்தாலும்.

முடிவு செய்ய வைத்தது பல்புதான். 1963இல் அமெரிக்காவில் கென்னர் என்ற பொம்மை நிறுவனம் ஈஸி-பேக் என்ற பொம்மை ஓவனைக் கொண்டுவந்தபோது, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு 100 வாட் குண்டு பல்புகள்தான் அதில் அடுப்பு. குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை, மீதியெல்லாம் சூடு. கேக்குக்கு அது வசதி. ஆனால் அந்த ஊதாரித்தனத்துக்காகவே பல நாடுகள் அதை ஓரங்கட்டிவிட்டன. 2011இல் ஈஸி-பேக்கும் பல்பை விட்டு ஹீட்டருக்கு மாறியது.

எங்கள் பல்பு இரண்டாவது மாதமே போனது. சூடாக எரியும்போது மகள் ஓவனைத் தரதரவென்று இழுத்தாள், உள்ளே இழை அறுந்துவிட்டது. மாற்று தேடிப் போன நான், பெட்டியில் '100 வாட்டுக்குச் சமம்' என்று போட்டிருந்த எல்இடி பல்பை வாங்கி மாட்டினேன். வெளிச்சம் கண்ணைப் பறித்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்தால், ஊற்றிய மாவு ஊற்றியபடி இருந்தது. சமம் என்றது வெளிச்சத்தை. அது இழுப்பதோ 15 வாட் அளவுதான். அப்புறம் எங்கேயோ ஒரு 60 வாட் குண்டு பல்பு அகப்பட்டது. ஓரம் வெந்தது, நடுவே கொழகொழ. 150 வாட் போட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம், அந்தச் சூட்டைத் தாங்குகிற உடம்பு ஓவனுக்கு இல்லை.

ஹீட்டரில் இந்த அலைச்சல் இல்லை. இருபது நிமிடம் சூடாக விட்டு, தட்டைத் தள்ளி, கடிகாரத்தைப் பார்த்தால் போதும். என்ன, பார்க்க ஒன்றும் இருக்காது. பல்பு ஓவனில் மஞ்சள் வெளிச்சத்தில் கேக் எழும்புவதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். அந்தக் குறை அவளுக்கு இன்னும் உண்டு.

எதை வாங்கினாலும் வாயைப் பாருங்கள். தட்டை மட்டும் தள்ளும் குறுகிய வாயாக இருக்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் ஈஸி-பேக் மாடலில் பிள்ளைகளின் விரல் சிக்கிச் சுட்டதால், 2007இல் சுமார் 10 லட்சம் ஓவன்களைத் திரும்பப் பெற்றார்கள். 8 வயதாவது ஆகட்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

ஹீட்டரோடு எனக்கு ஒரு வருடப் பழக்கம்தான். எங்களுடையதில் அது போனால் கழற்றி மாற்ற வழியில்லை, மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். வீட்டில் பழைய 100 வாட் பல்புகள் நாலைந்து பத்திரமாக இருந்தால், நான் சொன்னதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்.