ஈர நிலத்தில் வேலிக்கால் நட்ட குழு: கடலூரில் ஒரு வேலையின் மதிப்பீடு

கடலூருக்கு வடக்கே, பெண்ணையாற்றின் தென்கரையை ஒட்டி எங்களுக்கு 40 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. 2025 தை மாதத்தில் அதற்குச் சுற்றிலும் கம்பி வேலி போட்டுக் கொடுத்த குழுவின் வேலையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஒருவர் சொல்லி ஒருவர் அழைக்கும் மேஸ்திரியும் நான்கு ஆட்களும்தான் அந்தக் குழு. கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வேலி முடிந்தவுடனே எழுதியிருக்கலாம். ஆனால் நட்ட மறுநாள் எல்லாக் கால்களும் நேராகத்தான் நிற்கும் என்பதால், ஒரு மழைக்காலம் கடக்கட்டும் என்று காத்திருந்தேன்.

பழைய வேலியின் கதையைச் சொல்லாமல் இந்த வேலையின் அருமையைச் சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில், குழியில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்போதே, வேறொரு குழுவினர் சிமெண்டையும் மணலையும் ஜல்லியையும் தண்ணீர் சேர்க்காமல் கலந்து அப்படியே உள்ளே கொட்டிவிட்டுப் போனார்கள். குழித் தண்ணீரே கலவைக்குப் போதும் என்றார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையும், அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து பெண்ணையாற்றில் வந்த வெள்ளமும் வடிந்த பின் போய்ப் பார்த்தால், கிழக்குப் பக்கக் கால்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பிடுங்கிப் பார்த்தபோது அடியில் கான்கிரீட் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஜல்லி தனியாக உதிர்ந்தது. நடுவில் சில இடங்களில் சரியாக இறுகாத சிமெண்ட் கட்டி கட்டியாகக் கையில் பொடிந்தது. கான்கிரீட் தண்ணீருக்குள்ளும் இறுகக்கூடிய பொருள்தான், அதில் ஐயமில்லை. ஆனால் நின்ற தண்ணீரில் மேலிருந்து கொட்டினால் ஜல்லி முதலில் அடிக்குப் போய்விட, சிமெண்ட் தண்ணீரில் கரைந்து பால்போல மேலே மிதந்து நின்றுவிடுகிறது.

புதிய மேஸ்திரியிடம் அந்த ஜல்லியைக் காட்டினேன். "தண்ணியில கலவையைக் கொட்டினா சிமெண்ட் தண்ணியோட போயிடும்ங்க, ஜல்லிதான் மிஞ்சும். தண்ணியை இறைக்காம நான் ஒரு கால்கூட நட மாட்டேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே வேலையை அவரிடம் ஒப்படைத்தேன். இயன்றால் சித்திரை, வைகாசிவரை பொறுக்கும்படியும் அவரே சொன்னார். புயலுக்குப் பின் நட்ட தென்னங்கன்றுகளை மாடுகள் கடித்துக்கொண்டிருந்ததால் என்னால் பொறுக்க முடியவில்லை.

தோப்பின் சுற்றளவு 536 அடி. எட்டடிக்கு ஒன்றாக 67 சிமெண்ட் கால்கள். காலின் நீளம் எட்டடி. இரண்டரை அடி மண்ணுக்குள், மூலைக்கால்கள் மட்டும் மூன்றடி. எங்கள் மண்ணில் மேலே ஒன்றரை அடி வண்டல், அதற்குக் கீழே ஆற்று மணல். தையிலும் இரண்டடியில் ஊற்று இருந்தது. மேற்குப் பக்கம் சற்று மேடு, களிமண் கலந்தது. அங்கே கடப்பாரையால் குழியின் அடிப்பகுதியை வாயைவிட அகலமாகக் குடைந்து, வாளியால் இறைத்துவிட்டுக் கலவை போட்டார்கள். அடி அகன்ற கான்கிரீட்டை மேலே இழுப்பது கடினம் என்பதால் அது சரியான முறை. அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இந்தக் குழுவின் தேர்ச்சி தெரிந்தது கிழக்குப் பக்கத்தில்தான். அங்கே இரண்டடி தோண்டியதும் மணல் சரிந்து குழி பாதி மூடிக்கொள்ளும். இறைத்தால் தண்ணீரோடு மணலும் ஊறி வரும். அவர்கள் தகரத்தைச் சுருட்டி ஓரடி அகலத்தில் ஒரு உறை செய்து, உறைகிணறு இறக்குவதைப்போல, உள்ளே தோண்டத் தோண்ட அதை அழுத்தி இறக்கினார்கள். பக்கச் சரிவு நின்றது, அடியூற்று நிற்கவில்லை. அதற்கு மேஸ்திரி செய்ததை நான் முன்பு எங்கும் பார்த்ததில்லை: கால் வரிசைக்கு நான்கடி தள்ளி, வேலிக்குழியைவிட ஆழமாக நான்கரை அடிக்கு ஒரு தனிக் குழி வெட்டி, அதில் ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் டிரம்மை இறக்கி, இன்ஜினை வைத்து அங்கிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் பக்கத்தில் இருந்த ஐந்தாறு வேலிக்குழிகளிலும் தண்ணீர் தானாகக் கீழே இறங்கிவிட்டது. நிலத்தடி நீர் தாழ்ந்த இடத்தை நோக்கி ஓடும் என்பதைத் தவிர இதில் வேறு சூத்திரம் இல்லை. ஆனாலும் தண்ணீர் நின்ற குழியிலேயே கலவையைக் கொட்டிய பழைய குழுவினருக்கு அது தோன்றவில்லை.

குழி வற்றியதும் அடியில் மூன்று அங்குலம் ஜல்லி போட்டு இடித்தார்கள். தண்ணீர் வடிவதற்காக என்று பலரும் இதற்குக் காரணம் சொல்வார்கள். ஊற்று மட்டம் அதற்கு மேலே இருக்கும் நிலத்தில் அது வடிவதற்கு உதவாது; சேறு கலவையோடு கலக்காமலும், கால் சேற்றில் புதையாமலும் இருக்கவே உதவும். பிறகு காலை நிறுத்தித் தூக்குக்குண்டு பிடித்து, அரை அங்குல ஜல்லி போட்ட 1:2:4 கலவையை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு) கெட்டியாகப் போட்டு, கம்பியால் குத்தி, ஒவ்வொரு அரையடிக்கும் தகர உறையைச் சற்றே மேலே இழுத்தார்கள். மூட்டைக்கு ஏறக்குறைய நான்கு கால் வீதம் 17 மூட்டை செலவானது. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடக் கூடாது என்பதில் மேஸ்திரி கண்டிப்பாக இருந்தார். மணலே ஈரமாக இருந்ததால் அதிலும் இரண்டு, மூன்று லிட்டரைக் குறைக்கச் சொன்னார். ஈர நிலத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். கான்கிரீட் இறுகும்வரை, ஏறக்குறைய அன்று மாலைவரை, தனிக்குழியில் இன்ஜின் ஓடியது. உடனே நிறுத்தியிருந்தால் ஊற்று திரும்பி வந்து பச்சைக் கலவையைக் கீழிருந்து அரித்திருக்கும்.

இனிக் குறைகள். முதலாவது, கலவையைத் தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிறுத்திவிட்டு மண்ணைப் போட்டு மூடினார்கள். மழை பெய்தால் காலின் கழுத்தைச் சுற்றிக் கிண்ணம்போலத் தண்ணீர் தேங்குகிறது. கழிமுகம் அருகில் இருப்பதால் எங்கள் தண்ணீரில் உப்பு உண்டு. உப்பு நீர் சிமெண்ட் காலுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, பருத்து, காலையே பிளந்துவிடும். தரைக்கு மேலே இரண்டு அங்குலம் எழுப்பிச் சுற்றிலும் சரிவு கொடுத்திருக்க வேண்டும். கேட்டபோது, கூலியில் அது சேரவில்லை என்றார்கள். நான் வேறு கொத்தனாரை வைத்து 67 காலுக்கும் கழுத்துப் பூச்சு போட வேண்டியதாயிற்று.

இரண்டாவது, கால்களை நட்டு முடித்த மூன்றாம் நாளே கம்பி இழுக்க வந்து நின்றார்கள். நாங்கள் வாங்கியது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அத்தகைய சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்பது இந்தியத் தரக் குறியீடு 456 சொல்லும் விதி. புதைந்த பகுதிக்கு ஈர மண்ணே அந்த வேலையைச் செய்துவிடுகிறது என்பது இந்த நிலத்தின் ஒரே சலுகை. ஆனால் ஈரம் இருந்தாலும் பலம் ஏற நாள் வேண்டும். காலைச் சாய்ப்பது பெரும்பாலும் காற்றைவிடக் கம்பியின் இழுவைதான். வற்புறுத்தியதால் பதினோராம் நாள் வந்தார்கள், முகம் சுளிக்காமல் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மூலைக்கால்களுக்கு இரு திசையிலும் முட்டுக்கால் கொடுத்து, முட்டின் அடிக்கும் கான்கிரீட் போட்டபின்தான் இழுத்தார்கள்.

கால் ஒன்றுக்கு 300 ரூபாய் கூலி, இன்ஜினுக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய், பொருள்கள் நம்முடையவை. தண்ணீர் இறைத்ததால் நான்கு நாள் வேலை ஏழு நாளாயிற்று. கூடுதல் நாட்களுக்கு ஆள்கூலி கேட்கவில்லை, இன்ஜின் வாடகை மட்டும் வாங்கினார்கள். காய்ந்த நிலத்தில் இதைவிடக் குறைவாக முடிக்க ஆட்கள் உண்டு. ஊற்று நிலத்தில் இந்தக் கூலி நியாயமானது என்றே கருதுகிறேன். கழுத்துச் சரிவையும், கம்பி இழுக்கும் நாளையும், இறைக்கும் செலவு யாருடையது என்பதையும் முன்பே தாளில் எழுதிக்கொள்வது நல்லது, நான் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்தபின் தூக்குக்குண்டோடு ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். 65 கால்கள் நட்டபடியே நிற்கின்றன. கிழக்கு ஓரத்துப் பள்ளத்தில் அடுத்தடுத்த இரண்டு கால்கள் மட்டும் வெளிப்பக்கமாக ஓர் அங்குலம் சாய்ந்திருக்கின்றன. இன்ஜின் பழுதாகி ஒரு மணி நேரம் நின்ற நாளில் நட்ட கால்கள் அவை. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுத் தம்முடைய வேலைதான் என்று ஒப்புக்கொண்டார். சித்திரையில் ஊற்று இறங்கியதும் இரண்டையும் பிடுங்கி, கூலியின்றி மறுபடி நட்டுத் தருவதாகவும் சிமெண்ட் மட்டும் என்னுடையது என்றும் பேசி வைத்திருக்கிறோம்.