ஐடிஐ எலெக்ட்ரீஷியனா, டிப்ளமோ இஇஇ-யா?

பத்தாம் வகுப்பு முடிந்ததும் கேட்கிற கேள்வி இது. ஐடிஐ எலெக்ட்ரீஷியன் 2 வருடம், பாலிடெக்னிக்கில் இஇஇ (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) டிப்ளமோ 3 வருடம். ஆனால் கால அளவை விட, கை எதில் பழகுகிறது என்பதுதான் முக்கியம்.

ஐடிஐயில், மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் தொடங்கி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை நீங்களே வயரிங் செய்வீர்கள். கான்டாக்டர் என்பது காயிலுக்கு கரண்ட் கொடுத்தால் இழுத்து இணைப்பை மூடும் சுவிட்ச். ஸ்டார் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் ஒரே நேரத்தில் இழுத்தால் மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஒன்றின் என்சி கான்டாக்டை (சும்மா இருக்கும்போது மூடியிருந்து, இழுத்ததும் திறப்பது) மற்றதன் காயிலுக்குப் போகும் லைனில் தொடராகக் கொடுக்க வேண்டும். இதை ஒருமுறை கையால் இணைத்து, மல்டிமீட்டர் வைத்துச் சரிபார்த்தவருக்கு இன்டர்லாக் (ஒன்று இழுத்திருக்கும்போது மற்றது இழுக்காமல் தடுப்பது) என்றால் என்னவென்று பிறகு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) புரோகிராமை எழுதும் லேடர் வரைபடம் கூட அவருக்கு அந்நியமாகத் தெரியாது. அதே கான்டாக்டும் காயிலும்தான், திரையில் வந்திருக்கின்றன.

டிப்ளமோவில் கணக்கு, சர்க்யூட் தியரி, மெஷின்கள் ஆழமாக வரும். மோட்டார் ஏன் தொடங்கும்போது அதிக கரண்ட் இழுக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். சூப்பர்வைசர் வேலைக்கும், பிற்பாடு பிஇ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதற்கும் இதுதான் வழி.

என்னைக் கேட்டால், பேனல், ஆட்டோமேஷன் பக்கம் போக ஆசைப்படுகிற பிள்ளை முதலில் ஐடிஐ போகட்டும். அப்புறம் டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். கணக்கு நன்றாக வரும், மேலே படிக்கத்தான் விருப்பம் என்றால் நேராக டிப்ளமோ. எதுவானாலும் சேரும் முன் ஒருநாள் பட்டறைக்குள் போய், பிஎல்சி கிட் வேலை செய்கிறதா, எத்தனை பேருக்கு ஒன்று என்று பாருங்கள்.