நண்டுக்கு வெண்ணெயா, கறுப்பு வினிகரா?

வேகவைத்த நண்டுக்குத் தொட்டுக்கொள்ள, அமெரிக்காவின் மேற்குக் கரையில் உருக்கிய வெண்ணெய். ஷாங்காயில் இஞ்சி போட்ட கறுப்பு வினிகர். எது பொருந்தும் என்பதை நண்டுதான் முடிவுசெய்கிறது.

சான் பிரான்சிஸ்கோவில் விரும்பி உண்ணப்படும் டஞ்சனஸ் நண்டில் சதை அதிகம், கொழுப்பு குறைவு. அந்தக் குறையை வெண்ணெய் ஈடுசெய்கிறது. எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடவேண்டும். இல்லாவிட்டால் பாதியிலேயே திகட்டிவிடும். ஆறினால் உறைந்தும்போகும்.

ஷாங்காய்க்காரர்கள் கொண்டாடும் நண்டு நேர்மாறு. கொடுக்குகளில் ரோமம் அடர்ந்த சிறிய நன்னீர் நண்டு, சதை கொஞ்சம்தான். இலையுதிர் காலத்தில் அதைத் தேடி உண்பதே ஓட்டுக்குள் இருக்கும் சினைக்காக. அதன்மேல் வெண்ணெயை ஊற்றுவது வீண். சென்ஜியாங் என்னும் சீனக் கறுப்பு வினிகரில் பொடியாக நறுக்கிய இஞ்சியும் சிறிது சர்க்கரையும் சேர்த்துத் தொட்டால், அவ்வளவு கொழுப்பும் திகட்டாமல் இறங்கும். நண்டு குளிர்ச்சி, இஞ்சி சூடு என்பது சீனர் கணக்கு. சளி பிடித்தால் நண்டு ரசம் வைக்கும் நம் வீடுகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்!

நம் கடல் நண்டை மசாலா இல்லாமல் ஆவியில் வேகவைத்தால், வெறும் சதைக்கு வெண்ணெய், சினை நண்டுக்கு வினிகர். ஒன்றுதான் வைக்கமுடியும் என்றால் என் ஓட்டு வினிகருக்கே.