சமூகவியல் சங்கங்களில் எதற்குச் சந்தா கட்டுவது? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

வந்தாறுமூலையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒலுவிலிலோ சமூகவியலைச் சிறப்புப் பாடமாகப் படித்து முடித்து ஊர் திரும்பும் பட்டதாரி, பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக அமர்ந்தாலும், தொண்டு நிறுவனமொன்றில் ஆறு மாத ஒப்பந்தத்தில் களத் தகவல் திரட்டினாலும், ஓராண்டு முடிவதற்குள் ஒரு கேள்வியோடு வந்துவிடுகிறார்: படித்த பாடத்தோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க எந்தச் சங்கத்தில் அங்கத்துவம் எடுக்கலாம்? அவரிடம் பெரும்பாலும் இருப்பது ஒரேயொரு சந்தாவுக்கான பணம். ஆகவே நான்கு சங்கங்களின் பெருமைகளை அடுக்கிக் காட்டுவதால் அவருக்குப் பயனில்லை. சர்வதேச சமூகவியல் சங்கம், அமெரிக்க சமூகவியல் சங்கம், இந்திய சமூகவியல் கழகம், நம் நாட்டிலுள்ள இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் ஆகிய நான்கையும், திருகோணமலையின் உவர்மலையிலோ மூதூரிலோ இருந்துகொண்டு அவற்றின் அறிவித்தல்களைத் திறந்து பார்ப்பவரின் கண்ணால் ஒப்பிடுவதே இங்கு நோக்கம்.

என் அளவுகோல் எளியது. சங்கம் அனுப்பும் செய்திமடலில் பத்து வாய்ப்புகள் இருந்தால், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும், கலாநிதிப் பட்டம் இன்னும் பெறாத, சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சந்தா கட்டும் ஒருவர் அவற்றில் எத்தனைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதே அது.

இந்த அளவுகோலை வைத்தவுடன் முதலில் சரிவது அமெரிக்கச் சங்கம்தான். 1905 ஆம் ஆண்டு பால்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூடித் தொடங்கப்பட்டு, இன்று வொஷிங்டனில் தலைமையகம் வைத்திருக்கும் அச்சங்கத்தின் தரத்தில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. 1936 முதல் வெளிவரும் அமெரிக்கன் சோசியோலொஜிகல் ரிவியூ இத்துறையின் முன்னணி ஆய்விதழ்களுள் ஒன்று. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் தத்தம் விருதுகளோடும் செய்திமடல்களோடும் அச்சங்கத்தில் இயங்குகின்றன. ஆனால் அங்கத்தவருக்கான அறிவித்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். 1974 இல் தொடங்கப்பட்ட சிறுபான்மையினர் புலமைப்பரிசில் என்னும் பெயரைக் கண்டு நம்மவர் சிலர் ஆவலோடு உள்ளே போவதுண்டு. அங்கே சொல்லப்படும் சிறுபான்மை அமெரிக்காவின் சிறுபான்மை, தகுதியும் அந்நாட்டின் குடியுரிமையையோ நிரந்தர வதிவிடத்தையோ ஒட்டியது. கலாநிதி ஆய்வுக்கான உதவித்தொகை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பதிவு செய்தவர்களுக்கு. வேலைவாய்ப்புப் பட்டியலில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரிகளின் விரிவுரையாளர் பதவிகள். ஆண்டுதோறும் ஓகஸ்ட்டில் நடக்கும் மாநாட்டுக்குக் கட்டுரை ஏற்கப்பட்டாலும், அதன் பின் விசா நேர்காணல் என்னும் இன்னொரு பரீட்சை இருக்கிறது. அங்கு கலாநிதிப் படிப்புக்கு அனுமதி கிடைத்துப் புறப்படுபவர் மாணவச் சந்தாவைக் கட்டலாம். இங்கேயே இருப்பவருக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: சங்கத்தின் செய்தி ஏடான ஃபுட்நோட்ஸ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பழைய ஆய்விதழ்களை வாசிக்க ஜேஸ்டோர் தளத்தில் தனிக் கணக்குத் திறந்தால் மாதம் நூறு கட்டுரைகள்வரை கட்டணமின்றிப் படிக்கலாம். சந்தாவால் கிடைக்கும் வாசிப்பில் பெரும் பகுதி இப்படியே கைக்கு வந்துவிடுகிறது.

1951 இல் தொடங்கிய பிரித்தானிய சமூகவியல் சங்கத்துக்கும் ஏறத்தாழ இதே கணக்குப் பொருந்தும் என்பதால் அதனைத் தனியாக விரிக்கவில்லை.

சர்வதேசச் சங்கத்தின் அமைப்பு வேறு. 1949 இல் யுனெஸ்கோவின் அனுசரணையில் ஒஸ்லோவில் உருவான அது, ஒரு நாட்டின் பேராசிரியர்களுக்காக எழுந்ததல்ல. செயலகம் மாட்ரிட்டில் இருந்தாலும் எந்த நாட்டின் வேலைச் சந்தையோடும் அது கட்டுண்டதில்லை. சந்தாவை நாடுகளின் தேசிய வருமானத்தை வைத்து மூன்று வகுப்புகளாகப் பிரித்து அறவிடுகிறது. மாணவருக்குத் தனிச் சலுகையும் உண்டு. இலங்கையர் செல்வந்த நாடுகளுக்கான முதல் வகுப்பின் கட்டணத்தைச் செலுத்த வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, ஒரு தடவை கட்டினால் அங்கத்துவம் நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும் என்பது. உலக மாநாடு நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு மாநாடுகளுக்கு நடுவில் சமூகவியல் மன்றம் என்னும் சற்றுச் சிறிய கூடல் ஒரு முறை என்ற ஒழுங்கில் அவர்கள் நடத்துவதால், எப்போது சேர்ந்தாலும் சந்தாக் காலத்துக்குள் இரண்டுக்கும் அழைப்பு வந்துவிடும். பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளிப்போன மாநாடு 2023 இல் மெல்பேர்னில் நடந்தது. 2025 இல் ரபாத் நகரில் மன்றம் கூடியது. அடுத்த உலக மாநாடு 2027 இல் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில். 2021 இல் போர்த்தோ அலெக்ரே மன்றம் முழுவதும் இணையவழியாகவும், மெல்பேர்ன் மாநாடு நேரிலும் இணையத்திலுமாகவும் நடந்தபோது, விமானச் சீட்டு வாங்க வழியற்றவர்களும் கட்டுரை வாசிக்க முடிந்தது. தெற்காசியாவுக்கு அந்த மாநாடு வந்தது 1986 இல் புதுடில்லிக்கு மட்டுமே. அந்த ஆண்டில் நம் மாவட்டத்திலிருந்து புதுடில்லிக்கு மாநாட்டுக்குப் போகும் நிலையில் யார் இருந்தார்கள் என்பது வேறு கதை.

இச்சங்கத்தின் உண்மையான பயன் அதன் ஆய்வுக் குழுக்களில் இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் உள்ளன. சிறு தொகை ஒன்றைத் தனியாகக் கட்டி விரும்பிய குழுவில் சேரலாம். பேரிடர்களின் சமூகவியலுக்கான 39 ஆம் குழுவின் அறிவித்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழிப்பேரலையில் கடற்கரைக் கிராமங்களை இழந்து, 2006 இல் சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் இடம்பெயர்ந்து, மீள்குடியேறி, அதன் பின்னும் வெள்ளத்தைக் கண்ட ஒரு மாவட்டத்தில் களப்பணி செய்பவருக்கு அக்குழுவின் அமர்வுத் தலைப்புகள் அந்நியமாக இரா. குடிப்பெயர்வுக்கான 31 ஆம் குழுவும் அப்படியே. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களை அனுப்பிய குடும்பங்களைப் பற்றி நம் அலுவலகக் கோப்புகளில் தூங்கும் தகவல்களே ஒரு கட்டுரைக்குப் போதும். குழுவில் இருப்பவருக்குத்தான் அமர்வு அழைப்புகள் நேரத்தோடு வந்து சேர்கின்றன. வருமானம் குறைந்த நாடுகளின் அங்கத்தவர்களுக்குப் பதிவுக் கட்டண உதவி வழங்கப்படும்போது அதற்கும் குழுவின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை கிண்ணியாத் துறையடியைப் பற்றி ஓர் ஆய்வுச் சுருக்கம் அனுப்பினாள். 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை வாகனங்களும் மனிதரும் பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போக வேண்டியிருந்தது; பாதைக்குக் காத்திருந்தவர்களை நம்பி நடந்த சிறு கடைகளுக்குப் பாலம் வந்த பின் என்ன நேர்ந்தது என்பதே அவளுடைய கேள்வி. சுருக்கத்துக்கு முந்நூறு சொற்கள்தான். தமிழில் எழுதி முடித்துக் கணினியில் மொழிபெயர்த்தபோது, பாதை என்பது எல்லா இடத்திலும் வீதியாக மாறியிருந்தது; மக்கள் வீதியில் ஏறிக் கடலைக் கடந்தார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். அதைத் திருத்துவதற்கே ஒரு மாலை போயிற்று. இறுதி நேரம் கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு என்று அறிவித்திருந்தார்கள். நமக்கு அது விடிகாலை ஐந்தரை. கடைசி நாள் முடிந்துவிட்டதென்று முதல் நாள் இரவே கணினியை மூடிவிட்டிருந்தவளை எழுப்பி, இன்னும் ஐந்து மணித்தியாலம் இருக்கிறது தங்கச்சி என்று சொல்ல வேண்டியதாயிற்று. இப்படித் தவறும் விண்ணப்பங்கள் எத்தனையோ.

மொழி விடயத்தில் சர்வதேசச் சங்கத்தின்மேல் எனக்குக் குறை உண்டு. அதன் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம். 2004 இல் அமெரிக்கச் சங்கத்தின் தலைவராயிருந்தபோது மக்களோடு பேசும் சமூகவியல் வேண்டும் என்று வாதிட்ட மைக்கேல் புராவோய், பின்னர் சர்வதேசச் சங்கத்தின் தலைமைக்கு வந்து, 2010 இல் குளோபல் டயலொக் என்னும் இலவச ஏட்டைத் தொடங்கினார். பல மொழிகளில் வரும் அவ்வேட்டில் இந்தியும் வங்காளமும் உண்டு, தமிழ் இல்லை. 2025 இல் அவர் மறைந்தபோதும் நிலைமை மாறியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பதிப்புகளைத் தருபவர்கள் அந்தந்த மொழியின் சமூகவியலாளர்களே என்பதால், பழியை மாட்ரிட்டின் மேல் முழுவதுமாகப் போடவும் முடியாது.

இந்திய சமூகவியல் கழகத்தை நம்மவர் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். 1951 இல் பம்பாயில் ஜி. எஸ். குர்யேயின் முன்முயற்சியால் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் சோசியோலொஜிகல் புல்லட்டின் இதழை வெளியிட்டுவரும் அக்கழகத்தில் ஆயுட்கால அங்கத்துவம் உண்டு. ஒரு முறை கட்டிவிட்டால் முடிந்தது. சாதி, கோயில் நிர்வாகம், உறவுமுறைத் திருமணம் என நாம் எழுதும் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை. இது சிறிய வசதியல்ல: சர்வதேச அமர்வொன்றில் பதினைந்து நிமிடத்தில் ஏழு நிமிடம் தாய்வழிக் குடி என்றால் என்னவென்று சொல்வதிலேயே போய்விடும். மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் போன்றவற்றின் மூலம் இந்தியாவில் முதுகலை படிக்க எண்ணுபவருக்கு, அங்குள்ள துறைகளையும் ஆசிரியர்களையும் முன்கூட்டியே அறிமுகப்படுத்திக்கொள்ள ஆண்டு மாநாடு நல்ல இடம். இடைஞ்சல் பருவகாலத்தில் இருக்கிறது. மாநாடு பெரும்பாலும் ஆண்டிறுதியில் வருகிறது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் மீண்டும் ஓடத் தொடங்கிய கப்பல் மாரிக் கடலில் நின்றுவிடும் காலமும் அதுதான். அப்போது கட்டுநாயக்கா சென்று விமானம் ஏறுவதைத் தவிர வழியில்லை.

1944 இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் சமூகவியலுக்கென்று ஏற்பட்டதல்ல. சமூக விஞ்ஞானங்களுக்கான அதன் எஃப் பிரிவில் பொருளியலாளர்களோடும் புவியியலாளர்களோடும் நாம் இடம் பகிர வேண்டும். செய்திமடலில் வெளிநாட்டு வாய்ப்புகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனாலும் இரவு ரயிலில் ஏறி விடியற்காலை கொழும்புக் கோட்டையில் இறங்கி, அன்றே கட்டுரை வாசித்துவிட்டு மறுநாள் அலுவலகத்தில் கையொப்பமிட முடிகிற மாநாடு இந்த நான்கில் இது ஒன்றுதான். தமிழிலேயே எழுத விரும்புபவர் சங்கங்களை விட்டுவிட்டு, தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கலை கலாசார பீடத்தின் களம் இதழைப் பார்ப்பது நல்லது. அதில் தமிழ்க் கட்டுரைகளுக்கு இடமுண்டு.

பணம் கட்டும் வழியைப் பற்றி ஒரு சொல். டொலர் தட்டுப்பாடு கடுமையாயிருந்த 2022 இல் என் சந்தாவைப் புதுப்பிக்க மூன்று நாள் முயன்றேன். மூன்று நாளும் வங்கி அட்டை மறுக்கப்பட்டது. கிளைக்குச் சென்று கேட்டபோது கருமபீடத்துக்குப் பின்னாலிருந்த இளைஞர், “வெளிநாட்டுக் காசெல்லோ சேர், கொஞ்ச நாள் பொறுங்கோ” என்றார். பொறுத்த நாட்களில் அமர்வு அழைப்பின் திகதி கடந்துவிட்டது. இன்று அட்டைகள் வேலை செய்கின்றன, ஆயினும் ஆண்டுக்கு ஒரு முறை டொலர் கட்டுவதைவிட நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கட்டுவதையோ ஒரேயடியாகக் கட்டி முடிப்பதையோ நான் விரும்புவதற்கு அந்த மூன்று நாட்களும் ஒரு காரணம்.

ஆகவே ஒரே சந்தாவுக்குப் பணம் உள்ளவரிடம், களத்தில் சொந்தத் தகவல் கையிலிருந்தால் சர்வதேசச் சங்கத்தையும் அதில் ஒரேயொரு ஆய்வுக் குழுவையும் எடுங்கள் என்கிறேன். இந்தியாவில் படிக்கப் போகிறவராயின் கழகத்தின் ஆயுட்கால அங்கத்துவம் முந்தட்டும். இன்னும் ஒரு கட்டுரைகூட எழுதாதவர் இரண்டையும் ஒத்திவைத்து, முதலில் கொழும்பு எஃப் பிரிவுக்கு ஒரு சுருக்கம் அனுப்பிப் பார்க்கட்டும். துறையடியைப் பற்றி எழுதிய பிள்ளையின் சுருக்கம் அந்த முறை ஏற்கப்படவில்லை. குவாங்ஜு மாநாட்டை எண்ணி அதையே திருத்திக்கொண்டிருக்கிறாள். பாதை என்ற சொல்லை இம்முறை மொழிபெயர்க்காமல், அப்படியே ரோமன் எழுத்தில் வைத்து, ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறாள்.