‘ஃபுல் டேபிள் தாங்கும்’ என்று பழைய ரௌட்டர் விற்கிறார்கள், வேலூர்ப் பக்கத்து ஐஎஸ்பிகள் உஷார்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் கேபிளோடு சேர்த்துச் சின்ன அளவில் இன்டர்நெட் லைன் கொடுப்பவர்கள், பழைய ரௌட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் செகண்ட் ஹேண்ட் சாமான் விற்கும் ஒருவர் எங்களை ஏமாற்றிவிட்டார். இப்போது அதே மாடலை ராணிப்பேட்டையில் ஒருவருக்குப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு லைன் தரும் பெரிய கம்பெனிகள்), சொந்த ஏஎஸ் நம்பர் (இன்டர்நெட்டில் எங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) இருக்கிறது. இரண்டு பக்கமும் ஃபுல் ரூட், அதாவது இன்டர்நெட்டில் எந்த முகவரிக்கு எது வழி என்கிற முழுப் பட்டியலையும் வாங்கி, எது நல்ல வழியோ அதில் அனுப்பலாம் என்பது திட்டம். ஃபுல் டேபிள் என்கிற அந்தப் பட்டியலில் இன்றைக்குப் பழைய முகவரி முறையான ஐபிவி4 மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது, புது முறையான ஐபிவி6 இன்னொரு 2 லட்சத்துக்கு மேல். அவர் காட்டியது சிஸ்கோ 7600. "ராம் ஃபுல்லா ஏத்தியிருக்கோம் சார், பத்து லட்சம் ரூட் அசால்ட்டா தாங்கும்" என்றார். கடையிலேயே செஷன் ஏற்றி, பிஜிபி (ரௌட்டர்கள் ரூட்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை) சம்மரியில் அத்தனை ரூட்டும் வந்து நிற்பதையும் காட்டினார்.

தில்லுமுல்லு அங்கேதான். சம்மரியில் தெரியும் எண்ணிக்கை ராமில் இருப்பது. டிராஃபிக் ஓடுவது டிகேம் என்கிற தனி மெமரியை நம்பி, ராமை எவ்வளவு ஏற்றினாலும் அதில் ஒரு இடம்கூட அதிகமாகாது. இந்த வகைப் பெட்டியில் எக்ஸ்எல் கார்டு (பெரிய டிகேம் உள்ளது) என்றால் சுமார் 10 லட்சம் இடம், எக்ஸ்எல் இல்லையென்றால் இரண்டரை லட்சம் சொச்சம்தான். ஐபிவி6 ரூட் ஒன்றுக்கு இரண்டு இடம் வேறு போகும், ஆகவே எக்ஸ்எல்லே இன்றைக்குப் பத்தாது. எங்களுக்கு அதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. கடையில் காட்டியபோது இல்லாத ஒரு லைன் கார்டை அனுப்பும்போது சொருகிவிட்டிருக்கிறார், எக்ஸ்எல் இல்லாத டிஎஃப்சி (சொந்த டிகேமோடு வரும் துணைப் பலகை) போட்ட கார்டு. அப்படி ஒன்று இருந்தாலே மொத்தப் பெட்டியும் சின்ன அளவுக்கு இறங்கிவிடும்.

மாட்டினோம். சிஎம்சி பக்கத்து லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து தங்கியிருப்பவர்கள் ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால் போடும் நேரத்தில் சிபியு 99 சதவீதத்துக்குப் போய்விட்டது. சில சைட் திறக்கிறது, சில திறக்கவில்லை, கால் அறுந்து அறுந்து போகிறது. "இன்னா சார், ரூம்காரங்க சண்டைக்கு வர்றாங்க" என்று லாட்ஜ் மேனேஜர் போன். லாகைப் பார்த்தால் டிகேம் எக்ஸப்ஷன். இடம் கிடைக்காத ரூட்டுக்குப் போகும் பாக்கெட் எல்லாம் சிபியு தலையில் விழுகிறது. இதில் கொடுமை, ரூட்டைக் குறைத்தாலும் ரீலோட் செய்கிறவரை அந்த நிலை நீங்காது.

விற்றவருக்குப் போன் போட்டால் "டேபிள் ஏறுச்சே சார், நீங்களே பார்த்தீங்களே, உங்க கான்ஃபிக்லதான் தப்பு" என்கிறார். 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக டேபிள் 5,12,000-ஐ எட்டியபோதே இந்தக் குடும்பத்துப் பெட்டிகள் பல நாடுகளில் படுத்துக்கொண்டன. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை. பில்லில் எழுதியது "பழைய ரௌட்டர் 1, வாரண்டி இல்லை".

வாங்கப் போகிறவர்கள் ராமைக் கேட்காதீர்கள், எஃப்ஐபி-யில் (டிராஃபிக் ஓட்ட டிகேமில் ஏறும் ரூட் பட்டியல்) ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்து எத்தனை ஏறும் என்று கேளுங்கள், அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். 7600 என்றால் எல்லாக் கார்டும் சொருகிய நிலையில் ‘ஷோ பிளாட்ஃபார்ம் ஹார்ட்வேர் பிஎஃப்சி மோட்’ அடித்து, பெட்டி எக்ஸ்எல் அளவில்தான் ஓடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பழைய பெட்டியே போதும் என்றால் ஃபுல் டேபிள் ஆசையை விட்டுவிட்டு டீஃபால்ட் ரூட்டோடு (பட்டியலில் இல்லாத எல்லாவற்றுக்கும் ஒரே பொதுவழி) அப்ஸ்ட்ரீமின் சொந்தக் கஸ்டமர் ரூட்களை மட்டும் கேளுங்கள். ஐபிவி4 டேபிளில் பாதிக்கு மேல் /24 (256 முகவரி கொண்ட சின்னத் துண்டு) தான், அதை வடிகட்டினாலே பெரிய பாரம் குறையும்.

நாங்களும் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறோம், கரன்ட் பில்தான் வயிற்றெரிச்சல். பணம் திரும்பி வரவில்லை. யாருக்காவது ஸ்பேருக்கு சேஸிஸ், ஃபேன், பவர் சப்ளை வேண்டுமென்றால் கேளுங்கள், எக்ஸ்எல் இல்லாத கார்டு என்று சொல்லியே தருகிறேன்.