கனடா ஸ்காபரோவில் ஒரு நிதிசேர் விருந்து: 100 டொலருக்குப் போகலாமா?

வருமானம் குறைந்த குடும்பங்கள் சொந்த வீடு வாங்க வீடு கட்டிக்கொடுக்கும் தொண்டு நிறுவனமான ஹபிடாட் ஃபோர் ஹியூமானிட்டிக்கு நிதி சேர்க்க எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு இராப்போசன விருந்து வைத்தார்கள், குடும்பமாகப் போயிருந்தோம். டிக்கெட் ஆளுக்கு 100 டொலர். அடுத்த முறை வைத்தால் கட்டாயம் போங்கள், ஆனால் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள்.

றோல்ஸ் நல்ல சூடு. கொத்து ரொட்டி வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு முடிந்துவிட்டது, மரக்கறிக்காரருக்குத் தனி மேசையும் இல்லை. அதைக்கூட விடலாம். மேசைகளை நெருக்கிப் போட்டதால் சக்கர நாற்காலியில் வந்த ஒரு ஐயா மேடைப் பக்கம் போகவே வழியில்லாமல் வாசலோடு இருந்தார், எல்லாருக்கும் வீடு வேண்டும் என்று கூடிய இடத்தில் இது நடந்திருக்கக் கூடாது.

சரி, ஏன் போகச் சொல்கிறேன் என்றால், எங்கள் காசு எங்கே போகிறது என்று இவ்வளவு வடிவாக விளங்கப்படுத்திய நிகழ்வை நான் பார்த்ததில்லை. பலர் நினைப்பதுபோல வீட்டை யாரும் இனாமாகக் கொடுப்பதில்லை. குடும்பம் முன்பணம் இல்லாமல் வாங்குகிறது, மாதத் தவணை அவர்களின் வருமானத்துக்கு ஏற்றபடி இருக்கும், அதோடு 500 மணித்தியாலம் வரை அவர்களே கட்டட வேலையிலோ, ஆட்கள் கொடுக்கும் பொருட்களை விற்கும் ஹபிடாட்டின் ரீஸ்டோர் கடையிலோ உழைக்க வேண்டும். அவர்கள் கட்டும் காசு அடுத்த குடும்பத்தின் வீட்டுக்கு உதவுகிறது.

அந்த மணித்தியாலங்களை முடித்த ஒரு அம்மா கதைத்தார். பேஸ்மென்ற் வாடகை, பிள்ளைகளின் இருமல், இரவு வேலை முடித்து நேரே வந்து சுவருக்குப் பெயின்ற் அடித்தது என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார், மண்டபமே அமைதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள்! அவர் பாதியில் இறங்கினார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, நாங்கள் வந்ததே அதைக் கேட்கத்தானே.

அறிவிப்பாளர் நல்ல தெரிவு. 1976இல் ஜோர்ஜியா மாநிலத்தில் மில்லர்ட், லிண்டா ஃபுல்லர் தம்பதி ஹபிடாட்டைத் தொடங்கியதையும், 2017இல் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 92 வயதில் வின்னிபெக்கில் வீடு கட்டும்போது உடலில் நீர் வற்றித் தளர்ந்துபோய், மறுநாளே வேலைத்தலத்துக்குத் திரும்பி வந்ததையும் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். மற்றப் பேச்சுகள் நீளம்.

காசு விசயம் கொஞ்சம் கவனியுங்கள். 100 டொலர் முழுவதுக்கும் வரிப் பற்றுச்சீட்டு கிடைக்காது, சாப்பாட்டின் பெறுமதியைக் கழித்து மிச்சத்துக்குத்தான் தருவார்கள், அதுதான் கனடா வரிச் சட்டம். அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கு அதுவும் இல்லை. இதை டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தால் வாசலில் அவ்வளவு வாக்குவாதம் வந்திருக்காது. தாளில் தொகை எழுதிக் கேட்கும் ஏலம் நன்றாக நடந்தது, பொருட்களும் தரமானவை.

அப்புறம், டிக்கெட் விலை கூட என்று நினைப்பவர்கள் வீட்டில் குசினி திருத்தும்போது நல்ல நிலையில் உள்ள பழைய அலுமாரிகளை உடைத்து எறியாமல் ரீஸ்டோருக்குக் கொடுங்கள். அங்கே விற்று வரும் காசும் வீடு கட்டத்தான் போகிறது. எவை எடுப்பார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.