முகப்பு திறக்கிறது, பதிவு திறக்கவில்லை: வேர்ட்பிரஸோடு நெடுநாள் குடித்தனம்

"தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) மாற்றி தளத்தைத் திரும்ப ஏற்றினேன், பழைய பதிவெல்லாம் போச்சு, என்ன பண்றது?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். முதல் பதில்: பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. இரண்டாவது பதில்: பதற்றத்தில் பழைய பேக்கப்பை எடுத்து மேலே ஏற்றிவிடாதீர்கள், ஏற்றினால்தான் போகும். இந்த இரண்டு வரியை, தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸே திரையில் காட்டியிருக்கலாம். காட்டாது. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன். நிறுவுவது எப்படி, ஹோஸ்டிங் என்றால் என்ன என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கானது இது.

முகப்பு சரியாகத் திறந்து, தலைப்பைத் தட்டினால் மட்டும் 404 (பக்கம் இல்லை) வருகிறதா? அப்படியென்றால் காணாமல் போனது பதிவு அல்ல, பதிவின் முகவரியைச் சர்வருக்குப் புரியவைக்கும் டாட் ஹெச்டிஆக்சஸ் (.htaccess) என்ற குட்டி ஃபைல். பெயர் புள்ளியில் தொடங்குவதால் மேக்கிலும் லினக்ஸிலும் அது கண்ணில் படாது. ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் செலக்ட் செய்து, சர்வருக்கு ஃபைல் அனுப்பும் எஃப்டிபி-யில் இழுத்துப் போட்டேன் என்பார்கள்; கண்ணில் படாததை எப்படி செலக்ட் செய்வது? எஃப்டிபி மென்பொருளான ஃபைல்ஸில்லாவில் சர்வர் மெனுவுக்குள் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லும் தேர்வு இருக்கிறது, அதை எப்போதும் போட்டு வைத்திருங்கள். இப்போதைக்கு மருந்து: செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் (பதிவுகளின் முகவரி அமைப்பு) பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேவ். அப்பாச்சி, லைட்ஸ்பீட் சர்வர்களில் அந்த ஃபைல் தானாகவே மறுபடி எழுதப்பட்டுவிடும். பதிவு உயிரோடு இருக்கிறதா என்று முன்னாலேயே பார்க்க வேண்டுமானால், தள முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி, பி, சமக்குறி, பதிவின் எண் (?p=12 போல) என்று போட்டுப் பாருங்கள். திறந்தாலோ, 404 வந்தாலும் முகவரிப் பட்டையில் அந்தப் பதிவின் முகவரி தானாக வந்து நின்றாலோ, பதிவுகள் இருக்கும் டேட்டாபேஸ் பத்திரம்.

உண்மையிலேயே பதிவு தொலைவது வேறு வழியில். வீட்டுக் கணினியில், அதையே சர்வராக்கும் சாம்ப் (XAMPP) போட்டு, தளத்தின் நகலை இறக்கி, இரண்டு வாரம் உட்கார்ந்து அழகுபடுத்தி, ஃபைல்களோடு டேட்டாபேஸையும் சேர்த்து மேலே தூக்குகிறார்கள். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்தால், இருக்கும் டேபிளை முதலில் அழித்துவிடு என்ற கட்டளை இயல்பாகவே அதில் வந்துவிடும். அந்த இரண்டு வாரத்தில் நேரடித் தளத்தில் வந்த பதிவு, பின்னூட்டம் எல்லாம் அங்கேயே காலி. எச்சரிக்கை வராது, எல்லாம் வெற்றி என்று பச்சையில் சொல்லிவிட்டுப் போகும்.

"தீம்தானே மாற்றினீர்கள், டேட்டாபேஸை ஏன் தொட்டீர்கள்?" என்று கேட்பது சுலபம். தொடாமல் விட்டால் மெனு வராது, விட்ஜெட் (பக்க ஓரத்துப் பெட்டிகள்) வராது, தோற்றத்தைத் திருத்தும் கஸ்டமைசரில் போட்ட நிறம் வராது. என் நிரந்தரக் கோபம் இங்கேதான். மெனுவில் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு வரியும் பதிவுகள் இருக்கும் அதே போஸ்ட்ஸ் டேபிளில், அதே எண்வரிசையில் போய் உட்காருகிறது. நேரடித் தளத்தில் 812 என்பது நேற்று எழுதிய கட்டுரை. வீட்டு நகலில் 812 என்பது "தொடர்புக்கு" என்ற மெனு வரி. இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? சேர்க்க முடியாது, ஒன்று மற்றதை விழுங்கும். 2022-இல் வந்த 5.9 பதிப்போடு, தளத்தின் எல்லாப் பகுதியையும் எடிட்டரிலேயே மாற்றவிடும் பிளாக் தீம்கள் வந்தன. அவற்றில் எடிட்டரில் நீங்கள் செய்யும் டெம்ப்ளேட் மாற்றங்களும் அதே டேபிளுக்குத்தான் போகின்றன. எழுத்தையும் அலங்காரத்தையும் பிரிக்க வந்த மென்பொருள், இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது: ஏற்றுவதற்குச் சற்று முன் நேரடித் தளத்தில் டேட்டாபேஸ் டம்ப் ஒன்று, டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர் (தீம், படங்கள் இருப்பது) முழுதும் ஒன்று, டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைல் (டேட்டாபேஸ் இணைப்பு விவரம் இருப்பது) ஒன்று. பிறகு தீம் ஃபோல்டரை மட்டும் மேலே அனுப்புங்கள். மெனுவையும் விட்ஜெட்டையும் நேரடித் தளத்திலேயே கையால் மறுபடி போடுங்கள், அரை மணி நேர வேலை. தீமில் கைவைத்து மாற்றுவதாக இருந்தால் சைல்ட் தீம் (மூலத் தீமைச் சார்ந்த துணைத் தீம்) ஒன்று வைத்து அதில் மாற்றுங்கள், அடுத்த அப்டேட் உங்கள் மாற்றத்தை மேலெழுதாது. வேர்ட்பிரஸையே கையால் புதுப்பிப்பவர்கள் டபிள்யூபி-அட்மின், டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் இரண்டு ஃபோல்டரை மட்டும் அழித்துப் புதிதாக வைத்து, வெளியே கிடக்கும் ஃபைல்களை மேலெழுதினால் போதும். டபிள்யூபி-கன்டென்ட் பக்கம் அழிக்கும் கை போகவே கூடாது. படங்கள் எல்லாம் அதற்குள்தான், அப்லோட்ஸில் ஆண்டு, மாதம் வாரியாக இருக்கின்றன.

முழு டேட்டாபேஸையும் தூக்கியே ஆக வேண்டிய நிலை வந்தால் (ஹோஸ்டிங் மாற்றம் மாதிரி), டம்ப்பை நோட்பேடில் திறந்து பழைய முகவரியைப் புதிதாக மாற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விட்ஜெட், தீம் அமைப்புகள் எல்லாம் சீரியலைஸ் ஆகி, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளத்தோடு பதிந்திருக்கும். அந்த நீளம் எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு. "சென்னை" கண்ணுக்கு மூன்று எழுத்து, அங்கே 18. நோட்பேடில் ஒரு சொல்லை மாற்றினால் எண் அப்படியே நிற்கும், கணக்கு இடிக்கும், விட்ஜெட் பகுதி மொத்தமும் வெறுமையாகிவிடும். கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ-யின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை இந்த எண்ணையும் சேர்த்தே திருத்தும். முதலில் டிரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள். ஜியூஐடி என்ற நெடுவரிசையைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அது பதிவின் மாறாத அடையாளம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே தனியாக ஒரு தண்டனை உண்டு. மாற்றி முடித்துத் திறந்தால், கட்டுரை முழுக்கத் தலையில் கோடு போட்ட ரோமன் "ஏ"-வும், வட்டத்துக்குள் "ஆர்" போட்ட வணிகமுத்திரைக் குறியும் மாறி மாறி ஓடும். பார்க்கவே பயங்கரம், ஆனால் இது நல்ல செய்தி. தமிழின் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, லத்தீன்-1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) என்று தப்பாக வாசிக்கப்படுகின்றன, அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல் 8.0 வரும்வரை அதுதான் இயல்பு எழுத்துத்தொகுதி. பழைய தளங்கள் பல அதில்தான் தமிழைப் பதுக்கி வைத்திருக்கின்றன. பழைய கான்ஃபிக் ஃபைலில் எழுத்துத்தொகுதியைச் சொல்லும் டிபி-கேர்செட் வரி எப்படி இருந்ததோ அப்படியே புதியதிலும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கெட்ட செய்தி கேள்விக்குறிகள். வரிசையாகக் கேள்விக்குறி தெரிந்தால் எடிட்டரில் சேமிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள், தொட்டால் அந்தக் கேள்விக்குறிகளே டேட்டாபேஸில் பதிந்துவிடும். முதலில், டேட்டாபேஸை நேரடியாகக் காட்டும் பிஹெச்பிமைஅட்மினில் பாருங்கள். அங்கே தமிழ் இருந்தால் இணைப்பில்தான் கோளாறு. அங்கேயும் கேள்விக்குறி என்றால் அந்த நகலில் தமிழ் இல்லை, அதற்கு முந்தைய பேக்கப்பைத் தேடுங்கள்.

இன்னொரு வேடிக்கை: படங்களுக்குத் தமிழில் பெயர் வைத்து, பழைய மேக் ஒன்றில் இறக்கி, மறுபடி ஏற்றினால், "மலை" படம் வரும், "கோவில்" படம் வராது. சர்வரில் போய்ப் பார்த்தால் கோவில் படம் அங்கேயே இருக்கும், பெயரும் எழுத்துக்கு எழுத்து அதேதான். பழைய மேக்கின் கோப்புமுறை ஓகாரக் குறியை ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸ் சர்வருக்கு அது வேறு பெயர். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரும் பெயர்கள் மட்டும் அடிபடுவதால் காரணம் பிடிபட நாளாகும். படத்துக்கு ஆங்கிலப் பெயர் வையுங்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, ஆனால் வையுங்கள்.

டூல்ஸில் இருக்கும் எக்ஸ்போர்ட் பற்றி ஒரே வரி: அந்த எக்ஸ்எம்எல்லில் எழுத்தும் பின்னூட்டமும் வரும், படங்கள் வராது, இறக்குமதியின்போது பழைய தளத்திலிருந்துதான் அவை இழுக்கப்படும், எனவே பழைய ஹோஸ்டிங்கை முன்கூட்டியே மூடிவிடாதீர்கள்.

நியாயமாகச் சொன்னால், 2003-இல் தொடங்கிய இந்த மென்பொருளில் ஆதிகாலத்துப் பதிவும் இன்றைய பதிப்பில் திறக்கிறது. பதிவின் நறுக்கை (முகவரியில் வரும் அதன் பெயர்) மாற்றினால் பழைய நறுக்கை நினைவில் வைத்து ஆளைத் திருப்பி அனுப்புகிறது. எதை எழுதிக் கெடுத்தாலும் ரிவிஷனில் முந்தைய வடிவம் கிடக்கிறது. எழுத்தைக் காப்பாற்றுவதில் இதற்கு இணையாக நான் இன்னொன்றை வைத்துப் பார்த்ததில்லை. ஆனாலும், வாரம் ஒரு கட்டுரை எழுத ஒரு தளம் வேண்டும், எதைப் போடலாம் என்று இன்றைக்கு யாராவது கேட்டால், இதைச் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒருமுறை தீம் மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு நிச்சயமாக மாட்டேன்.

நண்பருக்கு: பெர்மாலிங்க்ஸ், சேவ். அதன் பிறகும் 404 வந்தால், அந்த டாட் ஃபைலை எழுத சர்வரில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.